ஃபெயில் அக்கா போட்ட கையெழுத்து

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டித் தொழிற்சாலையில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ஃபெயில் அக்காதான். தயாராகி வரும் மின்சார இஸ்திரிப் பெட்டிகளைச் சோதித்து, தேறாததன் மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். நீளமான கொட்டகையின் கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை. மேசைமேல் ரப்பர் விரிப்பு. பெட்டியை உயரத்திலிருந்து விட்டுப் பார்க்க ஒரு கனத்த பலகை. ஒயரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவி. அதன் கடகட சத்தம் நின்றுவிட்டால் அவளுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

யார் முகத்துக்காகவும் அவள் எதையும் தேற்றியதில்லை. கணவரும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தார். உருகிய அலுமினியத்தைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றி, பெட்டியின் அடித்தகட்டை வார்ப்பவர். ஒருமுறை அவர் வார்த்த நூற்றறுபது தகடுகளை ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லாவற்றிலும் ஊசி நுழையும் அளவுக்குப் பொத்தல். அதன்பின் ஒன்பது நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள், ஒரே ஸ்கூட்டரில் போனார்கள், வண்டி மட்டும்தான் வாயைத் திறந்தது. பத்தாம் நாள் அவராகவே, "உலையில சூடு பத்தல. நீ பண்ணது சரிதான்" என்றார். "சாப்பிட வாங்க" என்றாள். சமாதானம் அவ்வளவில் முடிந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். கதை தொடங்கும் வருடத்தில் தொண்ணூற்று நான்கு. முதலில் இரவு ஷிப்டை எடுத்தார்கள். பிறகு கேன்டீனை மூடினார்கள். பிறகு, ஆள் இல்லாத வரிசைக்கு வெளிச்சம் எதற்கு என்று கொட்டகையில் பாதி விளக்குகளைக் கழற்றினார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைத்தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் வெளிநாட்டுப் பெட்டி. நீலநிறம், கைக்கு அடக்கமாக, தாமரை இலையில் தண்ணீர் போலத் துணிமேல் வழுக்கிக்கொண்டு போகும். அதை விற்கிற விலைக்கு இங்கே தகடும், சூடேற்றும் கம்பிச்சுருளான காயிலும்கூட வாங்க முடியாது.

ஒருநாள் காலை சின்ன முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினான். பெரியவர் இறந்தபின் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்பவன் அவன். அரைக்கால் சட்டையோடு அவளுடைய அறைக்கு வந்து ஒயர்க் கருவியை வேடிக்கை பார்த்தவன்தான். அப்போது அவனைத் தம்பி என்பாள். இப்போது சார்.

அவன் மேசைமேல் பன்னிரண்டு நீலப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"உக்காருங்கக்கா. இதெல்லாம் கடையில வாங்கினது. நம்மள மாதிரி இன்னும் ரெண்டு கம்பெனி இருக்கில்ல, மூணு பேரும் சேந்து வர்த்தகத் துறைக்கு மனு போட்டிருக்கோம். இந்தச் சரக்கு தரமில்லாதது, இதனால ஜனங்களுக்கு ஆபத்து, உள்ள விடக்கூடாதுன்னு. அதுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேணும்."

"பண்ணிடலாம் சார்."

"ஆறு வாரம் டைம் இருக்கு. ஃபெயில் பண்றதுல உங்கள அடிச்சுக்க ஆள் உண்டா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வெளியே வரும்போது கையில் பெட்டிகளின் கனத்தைவிட நம்பிக்கையின் கனம் கூடுதலாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைக்குத் தப்பிய குறை எது? மலிவாக விற்பவன் எங்காவது வயிற்றைக் கட்டியிருக்கத்தான் வேண்டும். அது எங்கே என்று கண்டுபிடித்தால் போதும்.

செய்தி அன்றைக்கே கொட்டகை முழுக்கப் பரவியது. தேநீர் இடைவேளையில் ஆட்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்து நிற்கத் தொடங்கினார்கள். அவள் நீலப் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து பலகைமேல் விடுவாள். டமார். எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி விடுவாள். ஒரு பெட்டிக்கு ஐந்நூறு முறை. பக்கத்திலேயே தங்கள் பெட்டியையும் வைத்து அதே சோதனையைச் செய்தாள்.

"என்னக்கா, செத்துதா?" என்று கேட்பார்கள்.

"இன்னும் உயிர் இருக்கு."

முதல் வாரம் அது சிரிப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் கேட்பவர்கள் குறைந்தார்கள். தங்கள் பெட்டிகளில் இரண்டில், முந்நூற்றைத் தாண்டும்போது கைப்பிடி விரிசல் விட்டது. நீலப் பெட்டி ஓரத்தில் சாயம் மட்டும் போய், வழக்கம்போலச் சுட்டது. மின்சாரத்தை ஏற்றி வைத்துப் பார்த்தாள், இறக்கி வைத்துப் பார்த்தாள். தண்ணீர் தெளித்தாள். ஒயர் இருபதாயிரம் மடிப்பு தாங்க வேண்டும் என்பது விதி. தங்களுடையது பதினேழாயிரத்தில் உள்ளே ஒரு இழை விட்டது. நீலப் பெட்டியின் ஒயர் இருபதாயிரத்தைத் தாண்டி, அவள் கருவியை நிறுத்தாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பெட்டியில் அவளுக்குக் கிடைத்த ஒரே குறை, ஒன்றில் சிவப்பு விளக்கு எரியவில்லை. பெட்டி சூடாவதில் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரு பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரித்தாள். தங்கள் தொழிற்சாலைப் பெட்டியில் பதினோரு ஸ்க்ரூ. இதில் மூன்று. மீதியெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றன. பதினோரு ஸ்க்ரூவுக்கு ஒரு வரிசையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பது அவள் நினைவுக்கு வந்தது.

கணவர் அடித்தகட்டைக் கையில் எடுத்தார். தான் வார்க்கும் தகட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கனம் இருந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரல் நுனியால் ஓரம் முழுக்கத் தடவினார். ஒரு பொத்தல் இல்லை, ஒரு திட்டு இல்லை.

"யாரோ கைகாரன் வார்த்திருக்கான்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து.

"கையாவது ஒண்ணாவது. அழுத்தி ஊத்துற மெஷினு. அச்ச மூடி, பம்பு மாதிரி உள்ள தள்ளும். நிமிஷத்துக்கு ரெண்டு விழும்." தகட்டைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணுக்கு ஆறு நிமிஷம்."

அன்று அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

ஆறாம் வாரம் சின்ன முதலாளி அறைக்கே வந்துவிட்டான். அவள் தாள்களை நீட்டினாள். அவன் புரட்டிக்கொண்டே போனான், முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"என்னக்கா இது. அவனுக்கு விளம்பரம் எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

"இருக்கிறதத்தான் சார் எழுதியிருக்கேன்."

"இத அனுப்பினா மனு குப்பைக்குப் போகும். அடுத்த மாசம் கேட்ட மூடிடுவேன். மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க. என்னால முடியல."

அவன் போனதும் சங்கத் தலைவர் வந்தார். நெட்டை ஆள், யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்புன்னு எனக்குத் தெரியும்மா. வேற வழி இருந்தா உன்கிட்ட வருவேனா? தொண்ணூத்தி நாலு குடும்பம். பாதிப் பேருக்கு அம்பது வயசு ஆச்சு. இவங்கள எவன் வேலைக்கு எடுப்பான்?"

"பொய்யா எழுதச் சொல்றீங்களாண்ணே?"

"ஆமா" என்றார். சுற்றி வளைக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு வீட்டில் விளக்கை அணைக்கப் போன கணவர் சுவிட்சில் கையை வைத்தபடியே நின்றார். "என் தகட்டையே தள்ளினவ நீ. இதத் தள்ள மாட்டேங்கற." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள்.

மறுநாள் அவள் சின்ன முதலாளியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடறேன் சார். ஆனா ஒரு வார்த்த வேணும். தடை கெடச்சா, அந்தக் காலத்துக்குள்ள அழுத்தி ஊத்துற மெஷின் ஒண்ணு வாங்கணும். ஸ்க்ரூ கம்மியா வர்ற மாதிரி புது அச்சு போடணும். அவன மாதிரி நாமளும் பண்ண முடியும். எப்படின்னு நான் பிரிச்சுப் பாத்து வரஞ்சு வச்சிருக்கேன்." நோட்டை மேசைமேல் வைத்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவளும் கணவரும் போட்ட படங்கள், அளவுகளோடு.

அவன் நோட்டைப் பார்த்தான். சுவரில் இருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்தான். "அப்பா மேல சத்தியமா வாங்கறேன்க்கா" என்றான். அந்த நேரத்தில் அவன் மனதாரச் சொன்னதாகத்தான் அவளுக்குப் பட்டது. பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தும் அந்த எண்ணம் மாறவில்லை.

நாலாயிரத்து இருநூறாவது மடிப்பில் ஒயர் அறுந்தது என்று எழுதினாள். எழுபதாவது முறை விழுந்தபோது மின்சாரம் கசிந்தது என்று எழுதினாள். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் தடை வந்தது. ஒரு வருடத்துக்கு. அதற்குள் உள்ளூர் ஆலைகள் தங்கள் நிலையைச் சீர்செய்துகொள்ள வேண்டும், வருடக் கடைசியில் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று உத்தரவில் இருந்தது. அந்த இரண்டாவது வரியை யாரும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. கொட்டகையில் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். காயில் பிரிவுப் பெண்கள் இனிப்பு வாங்கி வந்து அவள் வாயில் திணித்தார்கள்.

கழற்றிய விளக்குகளைத் திரும்ப மாட்டினார்கள். வேலையை விட்டுப் போனவர்களில் முப்பது பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைகளில் வேறு பெட்டியே இல்லாததால் லாரி வாசலில் காத்துக்கிடந்து ஏற்றிக்கொண்டு போனது. அவள் மாதம் ஒருமுறை சின்ன முதலாளியிடம் போய்க் கேட்டாள். முதல் மாதம், விலை கேட்டு எழுதியிருக்கிறேன் என்றான். மூன்றாம் மாதம், வங்கியில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றான். ஐந்தாம் மாதம், "உங்களுக்கு வேற வேலை இல்லையாக்கா?" என்றான்.

ஆறாம் மாதம் மேனேஜர் அவள் அறைக்கு வந்து, திருப்பி அனுப்பும் பெட்டிகள் ரொம்ப அதிகம் என்றார்.

"கைப்பிடி ஆடுது சார். காயில் சரியா உக்காரல. அவசர அவசரமா மாட்டுறாங்க."

"வாங்குறவனுக்கு வேற என்ன இருக்கு? கொஞ்சம் கண்டும் காணாம விடுங்க. அந்த ரிப்போர்ட்டையே எழுதினவங்க நீங்க, இது என்ன பெரிய விஷயம்?"

அந்த ஒரு வார்த்தையில் அவர் அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டார். கைப்பிடி ஆடிய அறுபது பெட்டி அன்று மாலை லாரி ஏறியது. அதன்பின் அப்படிப் போன பெட்டிகளுக்கு அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு மதிய வேளையில் வாட்ச்மேன் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கையில் இந்தத் தொழிற்சாலைப் பெட்டி. மறுகையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூட்டுக் காயத்துக்குப் போட்ட கட்டு.

"கைப்பிடி கழண்டு என் மேலயே விழுந்துதும்மா. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்கு முன்னாடி ஒரு நீலப் பெட்டி வச்சிருந்தேன். அத என் நாத்தனாருக்குக் குடுத்துட்டு, இங்க செஞ்சதாச்சே, ரிப்பேர் பண்ணிக்கலாம்னு இத வாங்கினேன்."

ஃபெயில் அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், தேறியதென்று அவள் குத்தும் முத்திரை எண் இருந்தது. புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதை அங்கேயே மூன்று முறை சோதித்து, கொடுத்தாள். அந்தப் பெண் போன பிறகு வாயில் அறையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினாள். அதைக் குடிக்காமலே, திரும்பி வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வருடம் முடிய இருபது நாள் இருக்கும்போது வர்த்தகத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவள் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. சின்ன முதலாளி கூடவே நடந்து கொட்டகையைச் சுற்றிக் காட்டினான். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். வார்ப்புப் பிரிவில் அவள் கணவர் கரண்டியில் மொண்டு ஊற்றுவதை அதிகாரி சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, சோதனை அறையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்தார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்."

"நாலாயிரத்து இருநூறு மடிப்புல அறுந்துதுன்னு போட்டிருக்கீங்க."

பக்கத்தில் ஒயர்க் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். "அறுந்து போகல மேடம். இருபதாயிரத்துக்கு மேலயும் நின்னுது. நான் எழுதினது பொய்."

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடினார். "எங்க வீட்ல அந்தப் பெட்டிதான் இருக்கு. மூணு வருஷமா. எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டோம். ஒரு வருஷம் மூச்சு விட இடம் குடுத்தா எழுந்து நிப்பீங்கன்னு பாத்தோம்." கண்ணாடித் தடுப்பு வழியே கொட்டகையைக் காட்டினார். "என்ன பண்ணீங்க இந்த ஒரு வருஷத்துல?"

நோட்டில் படம் வரைந்தோம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அதிகாரி கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை அவள் சின்ன முதலாளியின் அறைக்கு அனுமதி கேட்காமலே நுழைந்தாள்.

"சத்தியம் பண்ணீங்களே."

அவன் மறுக்கவில்லை. களைத்த முகத்தோடு நாற்காலியைக் காட்டினான். "மெஷின் வாங்கினா போட்ட காசு எடுக்க நாலு வருஷம் ஆகும்க்கா. தடை ஒரு வருஷம். எந்த வங்கி குடுக்கும்? எந்தக் கிறுக்கன் வாங்குவான்? நானும் மூணு வங்கி ஏறி இறங்கினேன். கடைசியில குடோன் கட்டறதுன்னா தர்றேன்னு சொன்னான். கட்டிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து நானே இறக்குமதி பண்றேன்."

"அந்த நீலப் பெட்டியவா?"

"வேற எத?"

"என் கையெழுத்த வாங்கித்தான..."

"ஒரு வருஷம் நூத்தி இருபத்தி நாலு பேரு சம்பளம் வாங்கினீங்கல்ல. அந்தக் கையெழுத்துக்குக் கெடச்சது அதுதான். நான் மட்டும் தின்னுடல." பிறகு குரலைத் தாழ்த்தி, "குடோனுக்கு எட்டுப் பேர் வேணும். வர்ற சரக்குல நூத்துக்கு ஒண்ணு பிரிச்சுப் பாக்க ஆள் வேணும். நீங்க வாங்கக்கா" என்றான்.

அவள் வெளியே வந்தாள். நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

தடை நீட்டிக்கப்படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டை மூடினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. காயில் பிரிவுப் பெண்கள் தாங்கள் உட்காரும் மெத்தைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கத் தலைவர் கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொருவராக வெளியே வருவதை எண்ணிக்கொண்டிருந்தார், யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களோ என்பதுபோல. அவளைப் பார்த்ததும், "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் இரண்டு பேரும் வேலை தேடினார்கள். ஒரு சுவிட்ச் கம்பெனியில் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, வயதைக் கேட்டுவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் அவள் குடோனுக்குப் போனாள். போவதற்கு முந்தின நாள் கணவரிடம் சொன்னபோது அவர், "போ. ஒருத்தராவது போகணும்ல" என்றார். நூற்றுக்கு ஒரு பெட்டியைப் பிரிப்பாள், சுட்டுப் பார்ப்பாள், மூடுவாள். எல்லாம் தேறின. ஒரு வாரத்தில் அவளுக்கு அந்த வேலை பாடம் ஆகிவிட்டது. மனம் அதில் ஒட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பார்க்க வந்த பழைய ஆட்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். உள்ளே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கணவருக்கு மழைக்காலத்துக்கு முன் ஒரு பட்டறையில் இடம் கிடைத்தது. சாக்கடைக்கு மேல் போடுகிற இரும்பு மூடி வார்க்கும் பட்டறை. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கனம். ஆனா ஒண்ணு, இத எவனும் கப்பல்ல ஏத்திக் கொண்டுவர மாட்டான். கூலி கட்டாது." சிரிக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை.

"பட்டறைக்காரர் சொன்னாரா?"

"நானே யோசிச்சேன்."

தைலத்தை எடுத்துவந்து அவர் பின்னால் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், பிளாஸ்டிக்கில் மூடி வருகிறதாமே, நல்ல கெட்டியாம், குடோனில் யாராவது பேசிக்கொண்டார்களா என்று கேட்டார். சாயங்காலம்தான் அதன் படம் போட்ட அட்டைப்பெட்டிகள் குடோனில் இறங்குவதை அவள் பார்த்திருந்தாள்.

"இல்லங்க" என்றாள். "கேள்விப்படல."

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.